வேலுக்கு ஐந்து புள்ளி போதும்

கேள்வி

அக்கா, பட்டர்வொர்த்தில் ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருஷம் கல்யாண ஆல்பம் வேலை பார்த்தேன். போட்டோஷாப் எனக்குக் கைவந்த கலை. ஸ்டூடியோவுக்கு ஆர்டர் குறைந்துபோனதால் இப்போது ஜார்ஜ்டவுனில் ஸ்டிக்கர், பேனர், சைன்போர்டு செய்யும் கடை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். இங்கே எல்லாமே இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளில்தான். வீட்டில் பழகுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பைப் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரு கோடுகூட எனக்கு ஒழுங்காக வரவில்லை. கை பிரஷ்ஷைத் தேடுகிறது, இரேசரைத் தேடுகிறது. பென் டூலைத் தொட்டால் கோடு எங்கேயோ வளைந்து ஓடுகிறது.

தைப்பூசத்துக்கு ஒரு தண்ணீர்ப் பந்தலின் பேனர் வந்தது, 10 அடிக்கு 4 அடி. பழக்கதோஷத்தில் போட்டோஷாப்பில் செய்து இல்லஸ்ட்ரேட்டரில் ஒட்டிக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் ஓரம் பிசிறடித்து வந்தது. பந்தல் முகப்புக்கு ஸ்டிக்கரில் வெட்ட வேண்டிய வேல் படத்தை மெஷின் பார்க்கும் அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். படத்தைத் தானாகவே கோடாக மாற்றும் இமேஜ் டிரேஸ் போட்டுக் கொடுத்தேன், அதுவும் சரியில்லை என்கிறார். தமிழ் எழுத்து வேறு உடைந்து உடைந்து வருகிறது. போட்டோஷாப்பை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? எவ்வளவு நாள் ஆகும்?

பதில்

அன்புத் தங்கைக்கு,

போட்டோஷாப்பை மறக்கவே வேண்டாம். மணப்பெண்ணின் முகத்தில் மண்டப விளக்கின் மஞ்சள் ஏறியிருப்பதை ஏழு வருஷம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கண் உங்களுடையது. பேனரில் வைக்கிற முருகன் படத்தைத் துலக்கவும், பழைய போட்டோ ஒன்றின் பின்னணியை நீக்கவும் அந்தக் கண்தான் வேண்டும். புகைப்படம் எதுவானாலும் போட்டோஷாப்பிலேயே செய்யுங்கள். எழுத்து, லோகோ, கோட்டு வேலை, ஸ்டிக்கரில் வெட்ட வேண்டிய உருவம் ஆகியவற்றை மட்டும் இல்லஸ்ட்ரேட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஒரே பேனரில் இரண்டும் சேரும். எது எங்கே செய்யப்படுகிறது என்ற பிரிவினை உங்கள் மனதில் தெளிவாக இருந்தால் போதும்.

கை பிரஷ்ஷைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. போட்டோஷாப்பில் உங்கள் முன்னால் இருப்பது பிக்சல் என்ற பொடி நிறக் கட்டங்களால் ஆன பரப்பு. ஓர் இடத்தில் தப்பு தெரிந்தால் அந்த இடத்தில் தேய்க்கிறீர்கள், அழிக்கிறீர்கள், பக்கத்திலிருந்து குளோன் எடுத்து மூடுகிறீர்கள். கண்ணுக்குச் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது. இல்லஸ்ட்ரேட்டரில் அப்படி ஒரு பரப்பே கிடையாது. இருப்பதெல்லாம் தனித்தனி உருவங்கள். புள்ளிகள் எங்கே இருக்கின்றன, கோடு எப்படி வளைகிறது, உள்ளே என்ன நிறம், ஓரக்கோடு எவ்வளவு தடிப்பு என்பதை ஒவ்வோர் உருவமும் தன்னோடு வைத்திருக்கிறது. கோடு கோணலாக இருந்தால் அதை அழித்துவிட்டு மேலே வரைவதில்லை. ஒரு புள்ளியைப் பிடித்து நகர்த்துகிறோம், கோடு தானாகச் சரியாகிறது.

அதனால் வேலை செய்யும் வரிசையே மாறுகிறது. போட்டோஷாப்பில் செய்துகொண்டே முடிவெடுக்கலாம். இங்கே முடிவெடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இது எத்தனை உருவம், எது மேலே, எது கீழே, வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள், அப்புறம் மௌஸைத் தொடுங்கள். என்னிடம் பழக வருகிறவர்களுக்கு முதலில் தாளும் பென்சிலும்தான் கொடுப்பேன். தாளில் உருவத்தைப் போட்டு, புள்ளி வர வேண்டிய இடங்களில் குறி வைத்துவிட்டு வந்தால் பென் டூல் பாதி அடங்கிவிடும். தைப்பூச நேரத்தில் கடையில் ஆர்டர் குவிந்து கிடக்கும்போது இதற்கெல்லாம் ஏது நேரம் என்று தோன்றும். அப்போதும் இதை விடாதீர்கள்.

இப்போது உங்கள் பேனரைப் பார்ப்போம். 10 அடிக்கு 4 அடி என்றால் 120 அங்குலத்துக்கு 48 அங்குலம். ஆல்பத்தில் நீங்கள் பழகிய 300 டிபிஐ கணக்கில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று இதைச் செய்தால் 36,000 பிக்சலுக்கு 14,400 பிக்சல் வரும். பெருக்கினால் 51 கோடியே 84 லட்சம் பிக்சல். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு நீளத்திலோ உயரத்திலோ 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது, ஆகவே இந்த அளவில் அதைச் சேமிக்கக்கூட முடியாது. இதைத் தவிர்க்க எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள். சின்னதாகச் செய்து இழுத்துப் பெரிதாக்கியிருப்பீர்கள். புகைப்படத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. சாலையோரம் நின்று பார்க்கிற பேனரில் முருகன் படத்துக்கு நிஜ அளவில் 100 டிபிஐ இருந்தாலே நன்றாக வரும். மூன்றடி உயரப் படம் என்றால் 3,600 பிக்சல், அவ்வளவுதான். எழுத்துக்கு இந்தச் சலுகை இல்லை. எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும் என்று கண் எதிர்பார்க்கிறது, சின்னப் பிசிறும் உடனே தெரிந்துவிடும். ஆகவே படத்தை மட்டும் போட்டோஷாப்பிலிருந்து கொண்டுவந்து வையுங்கள். எழுத்தை இல்லஸ்ட்ரேட்டரில் அடியுங்கள். அந்த எழுத்து நேம் கார்டிலும் பேனரிலும் ஒரே கூர்மையோடு வரும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைக்குக் கடை நடக்கிற குழப்பம் இது. ஜேபெக் படத்தை இல்லஸ்ட்ரேட்டரில் ஒட்டி அதன் ஏஐ வகைக் கோப்பாகச் சேமித்துவிட்டால் அது வெக்டர், அதாவது புள்ளியும் கோடுமாக ஆன உருவம், ஆகிவிடாது. உள்ளே இருப்பது அதே பிக்சல்தான். கன்ட்ரோல்-ஒய் அழுத்திப் பாருங்கள். நிறமெல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் தெரியும். உங்கள் வேல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செவ்வகம் தெரிந்தால் அது இன்னும் புகைப்படம்தான். இந்த விசையை நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருங்கள். வெட்டும் மெஷினின் கண் இதுதான். நிறம் அதற்குத் தெரியாது, கோடு மட்டும் தெரியும்.

இமேஜ் டிரேஸ் ஏன் சரிவரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. மங்கலான ஒரு ஜேபெக்கைக் கொடுத்தால் அது ஒவ்வொரு பிசிறையும் உண்மையான ஓரம் என்று நம்பிப் புள்ளி வைத்துக்கொண்டே போகும். ஒரு சாதாரண வேலுக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகள் விழும். திரையில் பார்த்தால் வேல் மாதிரியே இருக்கும். மெஷினுக்கு அனுப்பினால் கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் திசை மாற்ற வேண்டும். நேராக வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கத்தி திக்கித் திக்கிப் போகும், அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். வெட்டி முடித்து வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போது ஓரம் பல்லுப்பல்லாக இருக்கும், கூர்முனையில் ஸ்டிக்கர் கிழிந்துகொண்டு வரும். அந்த அண்ணன் உங்கள் மேல் கோபத்தில் திருப்பி அனுப்பவில்லை. உரித்தெடுக்க உட்காருகிறவர் அவர். ஒரு நாள் மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு நல்ல கோப்பு எப்படி வெட்டுகிறது, மோசமான கோப்பு எப்படி வெட்டுகிறது என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். வீடியோ பாடம் எதிலும் இவ்வளவு சீக்கிரம் புரியாது.

அந்த வேல் படத்தை இப்போது நாமே வரைவோம். பாதி வேல் வரைந்தால் போதும், மறுபாதி தானே வரும்.

நடுவில் மேலிருந்து கீழே ஒரு கைடு கோடு இழுத்துக்கொள்ளுங்கள், புள்ளி அதில் ஒட்டிக்கொள்ள ஸ்நாப் போட்டு வையுங்கள். பென் டூலை எடுத்து வேலின் உச்சியில், நடுக்கோட்டின் மேல் ஒரு கிளிக். இழுக்க வேண்டாம். கிளிக் மட்டும் செய்தால் அது கூர்முனைப் புள்ளி. இரண்டாவது புள்ளி, இலை எங்கே அதிகமாக அகன்றிருக்கிறதோ அந்த இடத்தில், வலது ஓரத்தில். இங்கே கிளிக் செய்து விடாமல், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு நேராகக் கீழ்நோக்கி இழுங்கள். புள்ளிக்கு மேலேயும் கீழேயும் வளைவை அடக்கும் கைப்பிடிகளாக இரண்டு ஹேண்டில் நீளும். உச்சியிலிருந்து வந்த கோடு வயிறு புடைத்து அழகாக வளைவதைப் பார்ப்பீர்கள். மூன்றாவது புள்ளி, இலை ஒடுங்கித் தண்டோடு சேரும் இடத்தில். இங்கேயும் ஷிஃப்ட்டோடு நேராகக் கீழே இழுங்கள். அகலத்திலிருந்து இடுப்புக்கு வரும் அந்த நெளிவு ஒரே இழுப்பில் விழுந்துவிடும். அப்புறம் அதே மூன்றாவது புள்ளியில் ஒரு கிளிக் செய்து கீழே நீண்ட ஹேண்டிலை நீக்கிவிட்டு, நடுக்கோட்டில் ஒரு கிளிக், திரும்ப உச்சிப் புள்ளியில் ஒரு கிளிக். பாதி வேல் மூடிவிட்டது.

வளைவு கொஞ்சம் தட்டையாகத் தெரிகிறதா? எதையும் அழிக்காதீர்கள், புதுப் புள்ளியும் வைக்காதீர்கள். 'ஏ' விசையை அழுத்தி வெள்ளை அம்பை எடுத்து, இரண்டாவது புள்ளியின் மேல்பக்க ஹேண்டிலைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஹேண்டில் நீள நீள வயிறு புடைக்கும், குறைத்தால் ஒட்டும். அந்த அளவு மனதுக்குப் பிடிக்கும் வரைக்கும் விளையாடுங்கள், ஏனென்றால் வெக்டர் வேலையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சரியாக வந்ததும் ரிஃப்ளெக்ட் போட்டுக் கண்ணாடிப் பிம்பமாக ஒரு பிரதி எடுத்து மறுபக்கம் சேர்த்து, பாத்ஃபைண்டரில் யுனைட் கொடுத்து ஒன்றாக்குங்கள். உச்சியில் ஒன்று, அகலத்தில் இரண்டு, இடுப்பில் இரண்டு, ஆக ஐந்து புள்ளி. நடுவில் ஏதாவது வேண்டாத புள்ளி தங்கியிருந்தால் நீக்கிவிடுங்கள். இதை மெஷினுக்கு அனுப்பினால் கத்தி சத்தமில்லாமல் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும்.

புள்ளி எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழி உண்டு. வளைவின் கடைக்கோடிகளில் வையுங்கள், அதாவது மிக மேலே, மிகக் கீழே, மிக இடது, மிக வலது. ஹேண்டிலை நிமிர்ந்தோ படுத்தோ நேராக வையுங்கள். எழுத்துரு வடிவமைக்கிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். எலிப்ஸ் டூலால் ஒரு வட்டம் போட்டு வெள்ளை அம்பால் தொட்டுப் பாருங்கள், நாலே புள்ளிதான் இருக்கும். ஒவ்வொரு ஹேண்டிலும் ஆரத்தில் ஏறக்குறைய 55 சதவீத நீளம். இந்த வளைவுக் கணக்கு 1960களில் பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தில் இருந்த பியர் பெசியே என்ற பொறியாளர் கார் உடலை வடிவமைக்கப் பயன்படுத்தியது. இங்க்ஸ்கேப்பில் பென் டூலை பெசியே டூல் என்றும் சொல்வார்கள்.

இந்த டூல் உங்களுக்கு முற்றிலும் புதிது என்று நான் நினைக்கவில்லை. ஆல்பம் செய்கிறவர்கள் பாத் போட்டு மணமக்களை வெட்டியெடுக்காமல் இருந்திருக்க முடியாது. அதே பெசியே கோடுதான் அங்கேயும். என்ன வித்தியாசம் என்றால், சேலை மடிப்பைத் தொடர்ந்து போகும்போது நெருக்கி நெருக்கிப் புள்ளி வைத்திருப்பீர்கள். செலக்ஷன் எடுத்து, ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரை லேசாகக் கொடுத்ததும் கோணல் எல்லாம் மறைந்துபோயிருக்கும். அங்கே பாத் என்பது வேலைக்கு உதவிய ஒரு கருவி, முடிந்ததும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. இங்கே அந்தக் கோடேதான் வாடிக்கையாளர் கைக்குப் போகிறது.

பழகுவதற்குத் தமிழ் எழுத்தைவிட நல்ல பாடம் கிடையாது. நல்ல எழுத்துரு ஒன்றில் ஓர் எழுத்தைப் பெரிதாக அடித்துப் பின்னால் லாக் செய்துவிட்டு, மேலே பென் டூலால் வரையுங்கள். முதலில் 'ட', 'ப'. நேர்க்கோடு மட்டும், இழுக்கவே வேண்டாம். அப்புறம் 'ம', 'ய'. அவை பிடிபட்ட பிறகு 'ற', 'ஞ'. கடைசியில் 'இ'. அந்தச் சுழியைக் குறைந்த புள்ளியில் வழவழவென்று கொண்டுவந்துவிட்டால் மயில் தோகையோ கோயில் கோபுரத்துக் கொடிவேலையோ எது வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

ஸ்டூடியோவிலிருந்து வருகிறவர்களிடம் நான் பார்க்கும் இன்னும் சில பழக்கங்கள் உண்டு. முதலாவது, வேண்டாததை வெள்ளைக் கட்டம் போட்டு மறைப்பது. திரையில் சுத்தமாகத் தெரியும். கத்தி அந்த வெள்ளைக் கட்டத்தையும் சேர்த்து வெட்டும், அடியில் மறைந்திருப்பதையும் வெட்டும். மறைக்காதீர்கள், பாத்ஃபைண்டரில் மைனஸ் ஃப்ரண்ட் போட்டு உண்மையாகவே வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டாவது, தடித்த ஓரக்கோட்டை உருவம் என்று நினைப்பது. ஐந்து மில்லிமீட்டர் தடிப்பில் கோடு போட்டிருந்தாலும் மெஷினுக்கு அது தடிப்பே இல்லாத ஒற்றைக் கோடு, நட்டநடுவில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடும். வெட்டுவதற்கு முன் அவுட்லைன் ஸ்ட்ரோக் கொடுத்து அதை உருவமாக்க வேண்டும். பேனர் அச்சிலும் இதே கோடு இன்னொரு விதத்தில் காலை வாரும். சின்னதாகச் செய்த டிசைனைப் பெரிதாக்கும்போது உருவம் வளரும், ஓரக்கோடு மட்டும் பழைய தடிப்பிலேயே நின்று மெலிந்து தெரியும். பிரிஃபரன்சஸில் ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ் என்பதை டிக் செய்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. இங்க்ஸ்கேப்பில் இதற்கு மேலே ஒரு பொத்தானே இருக்கிறது. இரேசர் டூல் இல்லஸ்ட்ரேட்டரிலும் உண்டு. கொஞ்ச காலத்துக்குத் தொட வேண்டாம், உருவத்தைத் துண்டு துண்டாக்கிக் கண்டபடி புள்ளி சேர்த்துவிடும்.

லேயர் விஷயத்திலும் கை தடுமாறும். போட்டோஷாப்பில் ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் ஒரு லேயர் போட்டுப் பழகிவிட்டோம், லேயர் இல்லாமல் மூச்சே விட முடியாது. இங்கே ஒரே லேயருக்குள் நூறு உருவம் இருக்கலாம், ஒவ்வொன்றும் தனித்தனியாகவே நிற்கும். தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகையில் வண்ணத்தாளை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தி வைப்போமே, அதுதான். கடைசியாகக் குத்தியது மேலே இருக்கும், எதை வேண்டுமானாலும் கழற்றி வேறு இடத்தில் வைக்கலாம். முன்னே பின்னே தள்ளுவதற்கு கன்ட்ரோலோடு சதுர அடைப்புக்குறி விசைகள். சேர்ந்து நகர வேண்டியவற்றை குரூப் செய்யுங்கள், குரூப்புக்குள் ஒன்றை மட்டும் தொட வேண்டுமானால் டபுள் கிளிக். லேயரை பேனர், வெட்டும் ஸ்டிக்கர், குறிப்புகள் என்று பெரும் பிரிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் கொடுக்கும்போது உள்நிறம் மாற வேண்டிய இடத்தில் ஓரக்கோடு மாறிப்போகும். டூல்பாக்ஸில் எந்தக் கட்டம் முன்னால் இருக்கிறது என்று பாருங்கள், 'எக்ஸ்' விசை இரண்டையும் முன்பின்னாக மாற்றும். கறுப்பு எழுத்து விஷயத்திலும் எச்சரிக்கையாக இருங்கள். திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருக்கும் கறுப்பை போட்டோஷாப் அச்சு மைக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது நாலு மையும் கலந்த கறுப்பாக ஆக்கிவிடும். கல்யாணக் கார்டில் பொடி எழுத்துக்கு அது ஆகாது. நாலு தகட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். சின்ன எழுத்தெல்லாம் கே, அதாவது கறுப்பு மை, 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வையுங்கள்.

தமிழ் எழுத்து உடைவது உங்கள் தப்பே இல்லை. 'கெ' அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறதா? 'கோ' மூன்று துண்டாகக் கிடக்கிறதா? அப்படியானால் இல்லஸ்ட்ரேட்டர் தமிழை ஆங்கிலம் மாதிரி வரிசையாக அடுக்குகிறது என்று அர்த்தம். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பாரகிராஃப் பேனலின் மூலையிலுள்ள மெனுவில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்று தொடங்கும், எழுத்தை அடுக்கும் கம்போசரைப் போடுங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அமைந்த எழுத்துருவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், கடை வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மேக் கணினி என்றால் இணைமதி கூடவே வருகிறது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்துரு அது. கடையின் பழைய கோப்புகளில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. மாற்றிக் கொடுக்கும் கன்வர்ட்டர்கள் உண்டு, ஆனால் மாற்றியதைத் தமிழ் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி வாசித்துப் பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள். கோயில் பேனரில் உபயகாரர் பெயர் பிழையாக வந்தால் அந்தக் குடும்பத்துக்கு வருஷம் முழுக்க வருத்தம்.

ஸ்டிக்கரில் தமிழ் வெட்டும்போது கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. எழுத்தை உருவமாக மாற்றும் கிரியேட் அவுட்லைன்ஸ் கொடுத்ததும் கன்ட்ரோல்-ஒய் அழுத்தி 'கி', 'கீ', 'தி' போன்ற எழுத்துகளை உற்றுப் பாருங்கள். சில எழுத்துருக்களில் விசிறி தனித் துண்டாக வந்து மெய்யின் மேல் ஏறிப் படுத்திருக்கும். அப்படியே அனுப்பினால் கத்தி அந்த இணைப்பில் குறுக்கே வெட்டி, உரிக்கும்போது விசிறி தனியாகக் கையோடு வந்துவிடும். அந்த எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து யுனைட் கொடுத்தால் ஒரே உருவமாகிவிடும்.

சைன்போர்டு வேலை வரும்போது உழைப்பின் பலன் இன்னும் தெரியும். நம் நாட்டில் கடைப் பலகையில் மலாய் எழுத்துதான் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழோ ஆங்கிலமோ அதற்கு அடுத்துத்தான். அனுமதிக்குப் போன டிசைன் மலாய் வரியைப் பெரிதாக்கு என்று திரும்பி வருவது சகஜம். எல்லாம் தனித்தனி உருவமாக இருந்தால் இரண்டு வரியைப் பிடித்து இழுத்து, அலைன் கொடுத்து, டீ ஆறுவதற்குள் அனுப்பிவிடலாம். ஒட்டுமொத்தமாகத் தட்டையாக்கி வைத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டீர்கள். தினமும் கடையில் இதே வேலை என்பதால் சில வாரங்களில் கை தேடுவதை நிறுத்திவிடும். பென் டூல் மட்டும் இன்னும் கொஞ்சம் காலம் கேட்கும், அதற்குத் தினமும் ஓர் எழுத்து வரைந்துகொண்டிருந்தால் போதும். முதலாளியிடம் முதலில் நேம் கார்டு, ஸ்டிக்கர் மாதிரிச் சின்ன வேலைகளாகக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் எல்லாப் பாடமும் இருக்கிறது, தப்பினாலும் ஒரு தாளோடு போகும்.

வீட்டில் இங்க்ஸ்கேப் தாராளமாகப் போதும். விசைகள்தான் வேறு: 'பி' அழுத்தினால் இல்லஸ்ட்ரேட்டரில் பென், இங்க்ஸ்கேப்பில் பென்சில். அங்கே பென் டூலுக்கு ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து, புள்ளியைத் திருத்தும் டூலுக்கு 'என்'. கன்ட்ரோலோடு கீபோர்டின் வலப்பக்க எண் பகுதியிலுள்ள 5-ஐ அழுத்தி மாற்றினால் கோடு மட்டும் தெரியும் அவுட்லைன் பார்வை கிடைக்கும். யுனைட்டுக்கு அங்கே யூனியன் என்று பெயர். தமிழைத் தானாகவே ஒழுங்காக அடுக்கிவிடும், தனியாக எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் நிறம் ஆர்ஜிபிதான். அச்சுக்குப் போகிற எதையும் கடையில் இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து சிஎம்ஒய்கே ஆக்கி, நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சிவப்பும் பச்சையும் கொஞ்சம் மங்கும், அதை உங்கள் கண்ணே கண்டுபிடித்துவிடும். எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாகச் சேமித்து, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தை உருவமாக்கிய ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தல்காரர் அடுத்த வருஷம் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வருவார், அப்போது அதில்தான் திருத்த வேண்டும்.